அக்காவின் போன், துணி, படங்கள், ஆஸ்பத்திரி ஃபைல்: எது முதலில் அழியும்?

#1 தென்றல்_84

அக்கா புற்றுநோயில் தவறிவிட்டார். அவருடைய போன், லேப்டாப், இரண்டு அலமாரித் துணி, ஒரு பெட்டி நிறையப் படங்கள், தடிமனான ஆஸ்பத்திரி ஃபைல் எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். போனை ரீசெட் செய்து பையனிடம் கொடு, துணியை யாருக்காவது கொடுத்துவிடு, ஃபைலைக் கிழித்துப் போடு என்று. எதையும் தொட மனம் வரவில்லை. தொடாமல் வைத்தாலும் சிலது கெட்டுப்போகும் என்று தெரிகிறது. எது முதலில் அழியும், அதை எப்படிக் காப்பாற்றுவது? ஆறுதல் வேண்டாம், செய்முறை போதும்.

#2 பழையபெட்டி

வரிசை கேட்டதால் சொல்கிறேன்: போன் எண், போன், ஆன்லைன் கணக்குகள், துணியின் வாசனை, வீட்டுப் பெரியவர்களின் ஞாபகம். அதற்குப் பிறகுதான் படங்கள். காகிதம் ஒரு வருடம் பொறுக்கும். போன் பொறுக்காது.

முதலில் சிம். இணைப்பைத் துண்டிக்காதீர்கள், ரீசார்ஜை விடாதீர்கள். மெயில், போட்டோ சேமிப்பு, வங்கி எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். கைவிட்ட எண்ணை நிறுவனங்கள் சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அவர் அதில் வாட்ஸ்அப் தொடங்கினால், உங்கள் போனில் "அக்கா" என்று சேமித்த பெயருக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் முகம் வந்து நிற்கும். குடும்பக் குழுவில் யாரும் இதற்குத் தயாராக இருப்பதில்லை.

வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் இணையத்தோடு தொடர்பில்லாமல் கிடந்தால் நீக்கப்பட்டுவிடும். போனுக்குள் இருக்கும் உரையாடல்கள் உடனே அழியாது, ஆனால் ஆப்பை நீக்கினால் அவையும் போச்சு. ஆகவே மாதம் ஒருமுறை போனை ஆன் செய்து, வைஃபையில் இணைத்து, வாட்ஸ்அப்பைத் திறந்து மூடுங்கள். மற்ற நாட்களில் அணைத்தே வைக்கலாம். சார்ஜரில் செருகியபடியே மாதக்கணக்கில் விட்டால் பேட்டரி உப்பும், பின்மூடி பிதுங்கும். பாதியளவு சார்ஜோடு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். முழுக்க வடியவும் விடாதீர்கள்.

ரீசெட் மட்டும் வேண்டவே வேண்டாம். பையனுக்கு வேறு போன் வாங்கிக் கொடுங்கள்.

#3 நூல்கண்டு

குரலுக்கு அக்காவின் போனைவிட உங்கள் போன்தான் முக்கியம். அவர் உங்களுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் உங்களிடம் இருக்கிறது. அம்மா, அண்ணன், தோழிகள், அலுவலகத்தார் ஒவ்வொருவரின் போனிலும் கொஞ்சம் இருக்கும். புதுப் போன் மாற்றும்போதும், இடம் போதவில்லை என்று மீடியாவை அழிக்கும்போதும்தான் இவை காணாமல் போகின்றன. இன்றே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்: "எதையும் அழிக்காதீங்க, போன் மாத்துறதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லுங்க."

ஆண்ட்ராய்டில் ஃபைல் மேனேஜரைத் திறந்து ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப் என்று உள்ளே போனால் வாட்ஸ்அப் மீடியாவுக்குள் வாய்ஸ் நோட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஃபைலின் பெயரும் பிடிடி என்று தொடங்கி, அடுத்து தேதி வரும். ஆனால் யார் பேசியது என்பது அந்தப் பெயரில் இருக்காது, எல்லார் குரலும் கலந்து கிடக்கும். அதனால் இரண்டையும் செய்யுங்கள். ஒன்று, அந்த ஃபோல்டர் முழுவதையும் கணினியில் நகலெடுப்பது. இன்னொன்று, அக்காவுடனான உரையாடலைத் திறந்து "எக்ஸ்போர்ட் சாட்" கொடுத்து மீடியாவோடு சேமிப்பது. ஐபோனில் ஃபோல்டருக்குள் போக முடியாது, எக்ஸ்போர்ட்தான் எளிய வழி.

எக்ஸ்போர்ட்டில் ஒரு வரம்பு உண்டு. மீடியாவோடு எடுத்தால் கடைசி 10,000 செய்திகள், மீடியா இல்லாமல் 40,000. பல வருட உரையாடல் என்றால் பழைய பாதி வராது. வந்துவிட்டது என்று நம்பி மூலத்தை அழித்துவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு. அந்தச் சாட்டில் மறையும் செய்திகள் வசதி 7 நாள், 90 நாள் என்று வைக்கப்பட்டிருந்தால் கடைசிச் செய்திகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருக்கின்றன, உடனே பாருங்கள். மேலே உருட்டிப் போய், டவுன்லோட் ஆகாமல் மங்கலாக நிற்கும் படங்களையும் குரல்களையும் தட்டிப் பாருங்கள். நாளாகிவிட்டால் "மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள்" என்று வரும். அனுப்பியவரின் போன் உங்கள் கையில் இருப்பதால், அதில் மூல ஃபைல் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

ஃபைல்கள் ஓபஸ் வடிவில் இருக்கும். கேட்க வசதிக்காக எம்பி3 ஆக்கிக்கொள்ளுங்கள், ஆனால் ஓபஸ் மூலத்தை அப்படியே வைத்திருங்கள். மாற்றும் ஒவ்வொரு முறையும் குரலின் நுணுக்கம் கொஞ்சம் குறையும்.

#4 சாம்பல்நிறம்

போன் லாக் ஆகியிருந்தால்? கடவு எண் யாருக்கும் தெரியாத நிலை பல வீடுகளில் வருகிறதே.

#5 பழையபெட்டி

ஊகித்து ஊகித்து அடிக்காதீர்கள். ஐபோனில் 10 முறை தவறினால், போனை முழுக்க அழித்தால்தான் மீண்டும் பயன்படுத்தலாம் என்ற நிலைக்குப் போய்விடும். முதலில் லேப்டாப்பைப் பாருங்கள். அதில் மெயில் திறந்தே இருக்கலாம், போட்டோக்கள் தானாக வந்து சேர்ந்திருக்கலாம், பழைய பேக்கப் இருக்கலாம். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் இருக்கும்.

ஆப்பிளில் 2021 டிசம்பரிலிருந்து "லெகஸி கான்டாக்ட்" வசதி இருக்கிறது, தான் இறந்தபின் கணக்கைத் திறக்க ஓர் ஆளை முன்பே குறித்துவைப்பது. அக்கா யாரையாவது அப்படி வைத்திருந்தால், அவரிடம் ஓர் அணுகல் சாவி இருக்கும். அதோடு இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் ஐகிளவுடில் உள்ள படங்கள், குறிப்புகள், பேக்கப் கிடைக்கும். சேமித்த கடவுச்சொற்கள் கிடைக்காது. கிடைத்த அணுகல் 3 வருடம்தான், பிறகு கணக்கு நிரந்தரமாக நீக்கப்படும். அதற்குள் எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும். சாவி இல்லாவிட்டால் நீதிமன்ற உத்தரவு வரை போக வேண்டியிருக்கலாம்.

கூகுள் கணக்கை 2 வருடம் யாரும் பயன்படுத்தாவிட்டால் போட்டோ உட்பட எல்லாவற்றையும் நீக்கும் உரிமையை நிறுவனம் வைத்திருக்கிறது. இறந்தவரின் குடும்பத்தார் விண்ணப்பிக்கத் தனிப் படிவம் இருக்கிறது, ஆனால் எல்லா விண்ணப்பத்துக்கும் தரவு தர மாட்டார்கள்.

ஃபேஸ்புக்கில் பலர் அவசரப்படுகிறார்கள். கணக்கை நினைவுக் கணக்காக மாற்றிவிட்டால், கடவுச்சொல் தெரிந்தவர்கூட அதன்பின் உள்ளே போக முடியாது. அக்கா முன்பே நியமித்த ஆள் இருந்தால் அவர் முகப்புப் படத்தை மாற்றலாம், மேலே ஒரு பதிவைப் பொருத்தலாம். செய்திகளைப் படிக்க முடியாது. பொதுவில் தெரியும் படங்களையும், அவற்றுக்கு அக்கா எழுதிய பதில்களையும் முதலில் சேமித்துவிட்டு, பிறகு விண்ணப்பியுங்கள். மாற்றியபின் ஒரு நன்மை: "இன்று இவருக்குப் பிறந்தநாள், வாழ்த்துங்கள்" என்று எல்லாருக்கும் அறிவிப்புப் போவது நின்றுவிடும்.

#6 மல்லிகைச்சரம்

துணி பற்றி யாரும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் துவைக்காமல் அப்படியே வையுங்கள். துவைத்தால் வாசனை போய்விடும்.

#7 வெள்ளைநூல்

ஒன்றிரண்டுக்கு மட்டும் ஒப்புக்கொள்கிறேன், மொத்த அலமாரிக்கும் அல்ல. உடுத்திய துணியில் வியர்வையும் தோல் எண்ணெயும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். மாதங்கள் போனால் அவை காற்றுபட்டுக் கழுத்துப்பட்டை, அக்குள், மடிப்பு ஓரங்களில் மஞ்சளாகும். அந்த மஞ்சள் பிறகு எந்தச் சோப்புக்கும் போகாது. பட்டும் கம்பளியும் என்றால் பூச்சி நேராக அழுக்குப் பட்ட இடத்தைத்தான் தேடிவந்து தின்னும்.

வாசனைக்கு ஒரே ஒரு துணியை எடுங்கள், தலையணை உறையோ துப்பட்டாவோ போதும். எது என்பதில் கவனம் வேண்டும். கடைசி மாதங்களில் உடுத்தியவற்றில் மருந்தும் கிருமிநாசினியும்தான் மணக்கும். பீரோவின் பின்பக்கம் தொங்கும், நோய்க்கு முந்தைய ஆடையைப் பாருங்கள். நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், துளி ஈரம் இருந்தாலும் பூஞ்சை பிடிக்கும். ஜிப் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, அதை இன்னொரு பையில் போட்டு, இருட்டில் வையுங்கள். பக்கத்தில் நாப்தலீன் உருண்டை கூடாது, அதன் நெடி பையைத் தாண்டி உள்ளே வரும். திறக்கும் ஒவ்வொரு தடவையும் வாசனை கொஞ்சம் குறையும். பத்திரமாக வைத்தாலும் காலப்போக்கில் மங்கத்தான் செய்யும்.

அதனால் அதிகம் உதவுவது இது: அவர் என்ன சோப்பு, என்ன தலை எண்ணெய், என்ன பவுடர், என்ன சலவைத்தூள் பயன்படுத்தினார் என்று குளியலறையை ஒழிப்பதற்கு முன் எழுதிவைத்து, பாட்டில்களின் லேபிளைப் படம் எடுங்கள். நாம் "அக்கா வாசனை" என்று நினைப்பதில் பாதி அந்தக் கலவைதான். அதை மறுபடி வாங்க முடியும்.

மற்ற துணிகளைத் துவைத்து, கஞ்சி போடாமல், நன்கு உலர்த்தி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். சலவைக் கடை பிளாஸ்டிக் உறையில் விடாதீர்கள், ஈரம் அடைபடும். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் பட்டு அந்த மடிப்பிலேயே கிழியும், வருடம் ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

#8 மல்லிகைச்சரம்

சலவைத்தூளை எழுதிவைப்பது நல்ல யோசனை. மற்றபடி எந்தத் துணி என்பதை அம்மா முடிவு செய்யட்டும், பட்டியல் போட்டு அவரிடம் நீட்டாதீர்கள்.

#9 சில்வர்ஃபிலிம்

படங்களுக்கு வருகிறேன். 4க்கு 6 அங்குலப் பிரிண்டை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2400க்கு 3600 புள்ளிகள் கிடைக்கும், அதுவே தாராளம். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200. நெகட்டிவ் இருந்தால் அதைத் தனியாக ஃபிலிம் ஸ்கேனரில் 2400க்கு மேல் எடுங்கள், பிரிண்டில் வெட்டுப்பட்ட ஓரங்களும் அதில் இருக்கும். டிஃப் வடிவில் (தரம் குறையாமல் சேமிப்பது) ஒரு பிரிண்ட் சுமார் 26 எம்பி வரும். இடம் இல்லாவிட்டால் உயர்தர ஜேபெக் போதும், அதைத் திறந்து திருத்தி மீண்டும் மீண்டும் சேமிக்காதீர்கள்.

படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். கையெழுத்து, ஸ்டூடியோ முத்திரை, தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். நீங்கள் எழுதுவதாக இருந்தால் மென்மையான பென்சிலில், ஓரமாக. பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் முகத்தில் கோடு புடைக்கும்.

ஒட்டும் பக்கம் கொண்ட பழைய ஆல்பத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்தால் நகத்தால் நெம்பாதீர்கள். மெழுகு பூசாத பல் இடுக்கு நூலை மூலையில் நுழைத்து, ரம்பம் போல மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். வராவிட்டால் பக்கத்தோடு படம் எடுத்து நிறுத்திக்கொள்ளுங்கள். பிவிசி உறை வேண்டாம், "புது பிளாஸ்டிக்" நெடி அடிப்பது அதுதான், சில வருடத்தில் படத்தோடு ஒட்டும். பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை என்று கேட்டு வாங்குங்கள்.

லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். கடிதம், கையெழுத்துள்ள சமையல் குறிப்பு என்று ஆசை ஆசையாக லேமினேட் செய்து கொண்டுவருகிறார்கள். சூட்டில் உருகிய பசை காகிதத்துக்குள் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

வாட்ஸ்அப்பில் உறவினர்களிடம் படம் கேட்டால் "டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்" என்று கேளுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதியும் இடமும் அழிந்துவிடும்.

ஃபைல் பெயரில் வருடம் முன்னால் வரட்டும்: 1994-05-00_அக்கா_பள்ளி_விழா. நாள் தெரியாவிட்டால் 00. இப்படி வைத்தால் எந்தக் கணினியிலும் தானாகக் காலவரிசையில் நிற்கும்.

#10 மரபணு_மேசை

ஆஸ்பத்திரி ஃபைலைக் கிழிக்கச் சொன்னவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். உடன்பிறந்தவர்களுக்கு அந்த ஃபைலில் நேரடி வேலை இருக்கிறது.

புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரை மரபணு மாற்றத்தால் வருபவை. ஆனால் அக்காவுக்கு வந்தது அந்த வகையாக இருந்தால், அதே மாற்றம் உங்களுக்கும் இருக்க வாய்ப்பு பொதுவாக 50 சதவீதம். ஃபைலில் இவற்றைத் தேடி எடுங்கள்: பயாப்சி ரிப்போர்ட், அறுவைக்குப் பிந்தைய பேத்தாலஜி ரிப்போர்ட் (வெட்டியெடுத்த கட்டியை லேபில் ஆராய்ந்த முடிவு), நோய் கண்டறிந்தபோது வயது, மரபணுப் பரிசோதனை ஏதும் செய்திருந்தால் அதன் தாள். "மார்பில் கட்டி", "வயிற்றில் கட்டி" என்று வாய்மொழியாகச் சொல்வது மருத்துவருக்குப் போதாது. வயிற்றுக்குள் தொடங்கியது கருப்பையிலா, சினைப்பையிலா, பெருங்குடலிலா என்பதைப் பொறுத்து உங்கள் பரிசோதனையே மாறும்.

50 வயதுக்குள் வந்த மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலும் ட்ரிபிள் நெகட்டிவ் (ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2வும் இல்லாத வகை) மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய், கணையப் புற்றுநோய், இளவயதுப் பெருங்குடல் புற்றுநோய்: இவற்றில் ஏதாவது என்றால் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். பெருங்குடல் என்றால் பல வழிகாட்டிகள் சொல்வது இது: உடன்பிறந்தவர் 60 வயதுக்குள் நோய்ப்பட்டிருந்தால், 40 வயதிலோ, அவருக்குக் கண்டறிந்த வயதுக்கு 10 வருடம் முன்போ, எது முன்னதோ அப்போது கொலோனோஸ்கோப்பி (குழாய்க் கேமராவால் பெருங்குடலைப் பார்ப்பது) தொடங்க வேண்டும். அக்காவுக்கு 42இல் தெரிந்தது என்றால் உங்களுக்கு 32.

பலர் குழம்பும் இரண்டு இடங்கள். கட்டியில் செய்த மரபணுப் பரிசோதனை வேறு, இரத்தத்தில் செய்யும் பரம்பரைப் பரிசோதனை வேறு. கட்டியில் செய்வது மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்காக, அதில் தெரியும் மாற்றம் கட்டிக்குள் மட்டுமே இருக்கலாம். இரண்டாவது குழப்பம்: அக்காவுக்குப் பரம்பரைப் பரிசோதனையே நடக்காமல் உங்களுக்கு மட்டும் செய்து "இல்லை" என்று வந்தால், அது முழு நிம்மதி அல்ல. குடும்பத்தில் எந்த மாற்றம் ஓடுகிறது என்று தெரியாதபோது "இல்லை" என்பதற்கு எடை குறைவு. அதனால்தான் நோய்ப்பட்டவரின் மாதிரி முக்கியம். ஆஸ்பத்திரி லேபில் அவருடைய இரத்தமோ டிஎன்ஏவோ சேமித்திருக்கிறதா, பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்துவைத்த கட்டித் துண்டு) இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பிளாக்கை நிரந்தரமாக வைத்திருக்க மாட்டார்கள். அதில் டிஎன்ஏ துண்டுதுண்டாக உடைந்திருக்கும், பரம்பரைப் பரிசோதனைக்கு இரத்த மாதிரிதான் நம்பகமானது.

பில்லும் ரசீதும் வெப்பக் காகிதத்தில் இருந்தால் எழுத்து மங்கிவிடும், ஸ்கேன் செய்யுங்கள். சிடியில் கொடுத்த ஸ்கேன் படங்களையும் முழு ஃபோல்டராக ஹார்ட் டிஸ்கில் போட்டுவிடுங்கள். பதிவு செய்த சிடியை நம்பக்கூடாது.

#11 கடைசிஅலமாரி

அதே அலமாரியில் மருந்து மிச்சம் இருக்கும், அதை நினைவுப்பொருளோடு சேர்த்து வைக்காதீர்கள். கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மாத்திரை, சிரப், தோலில் ஒட்டும் ஃபென்டனில் ஒட்டு எல்லாம் குழந்தையின் உயிரை எடுக்கும். பயன்படுத்திக் கழற்றிய ஒட்டிலும் மருந்து மிச்சம் இருக்கும், ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடியுங்கள். வாய்வழிக் கீமோ மாத்திரைகளை வெறுங்கையால் தொடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, சிகிச்சை தந்த இடத்திலோ மருந்தகத்திலோ திருப்பிக் கொடுங்கள்.

#12 சாம்பல்நிறம்

நோயின்போது எடுத்த படங்களை என்ன செய்வது? முடி கொட்டிய, மெலிந்த படங்களை அழித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. யாரும் அப்படி நினைவில் நிற்க விரும்ப மாட்டார்கள்.

#13 சில்வர்ஃபிலிம்

அழிக்க வேண்டாம். இன்று வேண்டாம் என்பவரும் பத்து வருடம் கழித்துத் தேடலாம், அவருடைய பிள்ளைகள் கண்டிப்பாகத் தேடுவார்கள். தனி ஃபோல்டரில், தனிப் பெயரில், முதன்மைத் தொகுப்புக்கு வெளியே வையுங்கள்.

ஆனால் உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது, அதற்கான தீர்வு படங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. போனில் படம் எடுக்கத் தொடங்கியபின் கடைசி இரண்டு வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் படம் இருக்கும், முதல் இருபது வருடத்துக்கு நாற்பது பிரிண்ட் இருக்கும். அப்படியே விட்டால் தொகுப்பைத் திறக்கும்போதெல்லாம் நோயாளிதான் முன்னால் வருவார், ஜடைபோட்டுச் சைக்கிள் ஓட்டியவர் காணாமல் போவார். அதனால் வருடத்துக்கு இத்தனை படம் என்று ஒரு வரம்பு வைத்துத் தேர்ந்தெடுங்கள், 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 வருட வாழ்க்கையில் நோய் 2 வருடம் என்றால் 400 படத்தில் 20தான் அதற்கு. மூலங்கள் எல்லாம் வேறிடத்தில் பத்திரமாக இருக்கட்டும்.

போன் தானாக "இதே நாளில்" என்று படம் காட்டுவதையும் கட்டுப்படுத்துங்கள். கூகுள் போட்டோஸில் குறிப்பிட்ட தேதிகளையும் ஆட்களையும் நினைவுகளில் காட்டாதே என்று மறைக்கலாம், படம் அழியாது. ஆஸ்பத்திரியில் இருந்த தேதிகளை மட்டும் மறைத்தால் போதும், ஆளை மறைக்க வேண்டியதில்லை.

#14 நூல்கண்டு

பெரியவர்களின் ஞாபகத்துக்கு: "அக்காவைப் பத்தி சொல்லுங்க" என்று கேட்டால் "தங்கமான பொண்ணு" என்று முடிந்துவிடும். குறுகலாகக் கேளுங்கள். கோபம் வந்தால் என்ன செய்வாள்? எதற்குப் பொய் சொல்வாள்? யாரோடு சண்டை, எப்படிச் சமாதானம்? யாரை எந்தப் பட்டப்பெயரில் கூப்பிடுவாள்? கையில் ஒரு படத்தைக் கொடுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் வரும்.

போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள், மேசைமேல் மடித்த துண்டின்மீது வையுங்கள். மின்விசிறியை அணையுங்கள். முதலில் தேதியும் பேசுபவர் பெயரும் பதிவாகட்டும். முக்கால் மணிக்கு மேல் வேண்டாம். அழுதால் நிறுத்தவா என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

குறைகளையும் எழுதுங்கள். புகழ்ச்சி மட்டும் உள்ள குறிப்பைப் பிள்ளைகள் இரண்டாம் பக்கத்தோடு மூடிவிடுவார்கள்.

#15 சிறுகை

பிள்ளைகள் பற்றி. சிறு குழந்தைகளிடம் "தூங்குகிறார்", "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொன்னால் தூங்கவே பயப்படுவார்கள், வாசலில் காத்திருப்பார்கள். "இறந்துவிட்டார், உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, திரும்ப வர மாட்டார்" என்றே சொல்லுங்கள். புற்றுநோய் என்ற பெயரையும் சொல்லுங்கள், வெறும் "காய்ச்சல்" என்றால் அடுத்த காய்ச்சலுக்கே நடுங்குவார்கள். அது தொற்றாது, யார் செய்த குறும்பாலும் வந்ததல்ல என்று கூடவே சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னால் போதாது. வளர வளர அதே கேள்வி புது அர்த்தத்தோடு வரும்.

அவர்களுக்கென்று தனிப் பெட்டி ஒன்று கொடுங்கள். அதில் தொட்டுக் கெட்டாலும் பரவாயில்லாத நகல்கள் மட்டும் இருக்கட்டும், மூலங்கள் வேண்டாம்.

உடன்பிறந்தவர் துக்கம் பெரும்பாலும் வரிசையில் பின்னால் தள்ளப்படுகிறது. எல்லாரும் அம்மாவையும் கணவரையும் பிள்ளைகளையும்தான் விசாரிப்பார்கள். துக்கத்துக்குக் கெடு கிடையாது. ஆனால் ஏக்கமும் மரத்துப்போன உணர்வும் பெரும்பாலான நாட்களில் அன்றாட வேலையை முடக்கி, நீண்டு போனால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு குறைந்தது 6 மாதம் என்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேட்டின் 2022 திருத்தம் பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் மாதக்கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

#16 தென்றல்_84

எல்லாருக்கும் நன்றி. சிம் ரீசார்ஜ் செய்தாயிற்று. சாட்டில் 90 நாள் மறைவு ஆன் ஆகி இருந்தது, எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா ஒரு துப்பட்டாவை எடுத்துக் கொடுத்துவிட்டார். கடைசிக் கேள்வி: எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டு பீரோவில் வைத்தால் போதுமா?

#17 பழையபெட்டி

போதாது. பென் டிரைவும் எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் தரவு கசியும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில். உதாரணமாக லேப்டாப்பில் ஒன்று, சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, அண்ணன் வீட்டில் இன்னொரு ஹார்ட் டிஸ்க். கிளவுடில் போட்டால் அந்தக் கணக்கின் கடவுச்சொல் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும்.

மறைவு ஆன் ஆகியிருந்த சாட்டில் "கீப்" கொடுத்தால் அந்தச் செய்தி தங்கும். எக்ஸ்போர்ட் முடியும்வரை முக்கியமான குரல்களுக்கு அதைச் செய்துவிடுங்கள். முடிந்ததும் ஜிப்பைத் திறந்து, முதல் ஃபைலையும் கடைசி ஃபைலையும் ஓடவிட்டுப் பாருங்கள். பாதியில் நின்ற ஜிப்பும் வெளியிலிருந்து பார்த்தால் முழுசு மாதிரியே இருக்கும்.